கிளீவ்லாந்து நாட்குறிப்பு: டாக்டர் கிரைலின் ஊரில்

ஞாயிறு, இரவு

விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கி ரெட் லைன் ரயிலில் ஏறினால், நகர மையத்தைத் தாண்டி யுனிவர்சிட்டி சர்க்கிள் வரை போய்விடலாம். அக்கா மகள் நிலையத்திலேயே காத்திருந்தாள். "சித்தி, நம் ஊர்க்காரர்கள் கிளீவ்லாந்துக்குத் தியாகராஜர் ஆராதனை கேட்க வருவார்கள். அதுவும் ஈஸ்டரை ஒட்டித்தான். நீங்கள் அக்டோபரில் வந்து நிற்கிறீர்களே?" என்றாள். ஒரு டாக்டரைப் பார்க்க வந்தேன் என்றேன். "யார்?" என்றாள். அவர் 1943இலேயே இறந்துவிட்டார் என்றதும் காரை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

நான் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் மயக்க மருந்து கொடுப்பவள். அறுவை அரங்கில் நோயாளியின் தலைமாட்டில் நின்று நான் அன்றாடம் செய்கிற காரியங்கள் சில உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பேன். ஆளைத் தூங்கவைப்பதோடு நில்லாமல், கத்தி படுகிற இடத்து நரம்பையும் மரக்க வைப்பேன். ரத்தம் போனால் ரத்தம் ஏற்றுவேன். இவற்றில் எதைப் பின்தொடர்ந்து போனாலும் வழியில் ஒரு பெயர் வருகிறது: ஜார்ஜ் வாஷிங்டன் கிரைல். இவை எல்லாம் அவர் கண்டுபிடித்தவை என்று சொல்லமாட்டேன். ஆனால் இவற்றை ஒரே மேசையில் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். கத்திக்குப் பிழைத்தவர்கள் ஏன் கத்திக்குப் பிறகு சாகிறார்கள் என்ற கேள்வியை வாழ்நாள் முழுவதும் விடாதவர். என் தொழிலுக்கு அந்தக் கேள்விதான் தாய்வீடு.

செவ்வாய்

நேற்று முழுவதும் தூக்கம். எழுத ஒன்றும் இல்லை.

இன்று யூக்ளிட் அவென்யூவில் இருக்கும் ஆலன் மருத்துவ நூலகத்துக்குப் போனேன். அதன் மேல் மாடியில் டிட்ரிக் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய காலத்து அறுவைக் கருவிகள், ஈதர் என்ற மயக்க மருந்து கொடுக்கும் முகமூடிகள், நுண்ணோக்கிகள். கண்ணாடிக்குப் பின்னால் வெட்டுக்கத்திகளும் எலும்பு ரம்பங்களும் வெல்வெட் பெட்டிகளில் படுத்திருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரம்பத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எனக்கு ரம்பத்தைவிட அதன் பக்கத்தில் என்ன இல்லை என்பதுதான் கண்ணில் பட்டது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அந்தக் காலத்துப் பெட்டி எதிலும் இல்லை.

1887இல் கிரைல் மருத்துவம் முடித்த கையோடு பயிற்சி மருத்துவராக இருந்தபோது, அவருடன் படித்த நண்பர் ஒருவர் டிராம் வண்டியில் அடிபட்டுக் கால்கள் நசுங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டார். கால்களை வெட்டி எடுத்தார்கள். அறுவை சிகிச்சையில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் நண்பரின் உடல் குளிர்ந்தது, முகம் வெளுத்தது, நாடி நூலிழையானது, சில மணி நேரத்தில் உயிர் போயிற்று. நாங்கள் இதை 'ஷாக்', அதாவது அதிர்ச்சி நிலை, என்போம். அந்தக் காலத்து மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. நரம்பைத் தூண்டும் ஸ்ட்ரிக்னின் ஊசி போடுவார்கள், பிராந்தி கொடுப்பார்கள், கம்பளி போர்த்துவார்கள், பிறகு பாதிரியாரைக் கூப்பிடுவார்கள்.

அப்போது கிரைலுக்கு இருபத்திரண்டு வயது. அடுத்த பத்து ஆண்டுகளில் அவர் செய்தது, இந்த மர்மத்தை அளந்து பார்ப்பது. மயக்கத்தில் ஆழ்த்திய நாய்களின் கழுத்துத் தமனியில் குழாய் செருகி, ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதைப் பதிவு செய்தார். உடலின் ஒவ்வொரு பகுதியாகக் காயப்படுத்தி, எது அழுத்தத்தை எவ்வளவு வீழ்த்துகிறது என்று பார்த்தார். 148 நாய்கள். 1897இல் இந்த ஆய்வுக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கார்ட்ரைட் பரிசு கிடைத்தது.

அந்த 148 என்ற எண்ணை நான் ஒவ்வொரு முறையும் நின்றுதான் கடக்கிறேன். அவை மயக்கத்தில் இருந்தன என்பது உண்மை. அவற்றின் உயிர் போனதும் உண்மை. என் கையில் பிழைத்துப் போகிற ஒவ்வொருவரும் அந்தப் பிராணிகளுக்கும் கடன்பட்டவர்கள் என்று நினைக்கிறேன், இதைச் சொல்லாமல் கிரைலைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சோதனைகளில் தெரிந்தவை சாதாரணமானவை அல்ல. உலகமே நம்பிய ஸ்ட்ரிக்னின் பயனற்றது, சில நேரம் கெடுதலே செய்கிறது. உப்புநீர் ஏற்றினால் அழுத்தம் கொஞ்ச நேரம் உயர்ந்து மறுபடியும் விழுகிறது. நரம்பைக் கோகெய்ன் மருந்தால் மரக்க வைத்துவிட்டு அதே இடத்தைக் காயப்படுத்தினால் அழுத்தம் அவ்வளவு விழுவதில்லை. அப்படியானால் தூங்குகிறவனின் உடலுக்கும் காயம் தெரிகிறது! மூளை மயங்கியிருந்தாலும் நரம்பு வழியே சேதி போய்க்கொண்டுதான் இருக்கிறது. என் தொழிலில் இதைவிட முக்கியமான ஒரு கண்டறிதலை என்னால் சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

இந்த ஊரில் பிறந்த இன்னொருவரையும் சொல்லவேண்டும். ஹார்வி குஷிங், நரம்பியல் அறுவையின் முன்னோடி. இத்தாலியில் ரிவா ரோச்சி செய்த கைப்பட்டைக் கருவியை 1901இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர். அறுவையின்போது ரத்த அழுத்தத்தை அளந்தே ஆகவேண்டும் என்று குஷிங்கும் கிரைலும் வாதாடினார்கள். ஹார்வர்டில் ஒரு குழு இதைப் பரிசீலித்துவிட்டு, பழகிய விரலால் நாடி பார்ப்பதே மேல் என்று முடிவு சொன்னது. விரலின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் விரல் தாளில் எழுதி வைப்பதில்லை, மறுநாள் இன்னொருவரிடம் ஒப்பிட்டுக் காட்டுவதில்லை. கிரைல் 1903இல் அறுவையில் ரத்த அழுத்தம் பற்றியே தனி நூல் வெளியிட்டார். அதே காலத்தில் ரப்பரால் இரட்டை அடுக்கில் ஓர் உடுப்புச் செய்து, நோயாளியின் கால்களிலும் வயிற்றிலும் மாட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கீழே தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளிப் பார்த்தார். பிற்காலத்தில் போர் விமானிகள் அணிந்த அழுத்த உடுப்புக்கு இது மூதாதை.

புதன்

இன்றைய நாளுக்காகத்தான் வந்தேன்.

பிராட்வே அவென்யூ. யுனிவர்சிட்டி சர்க்கிளின் அழகெல்லாம் இங்கே இல்லை. செக், போலிஷ் குடும்பங்கள் எஃகு ஆலை வேலைக்காக வந்து குடியேறிய பகுதி. பொஹிமியன் நேஷனல் ஹால் என்ற பழைய செங்கல் மாளிகை இன்னும் கம்பீரமாக நிற்கிறது. அதற்குக் கொஞ்ச தூரத்தில்தான் செயின்ட் அலெக்சிஸ் மருத்துவமனை இருந்தது. 1884இல் பிரான்சிஸ்கன் கன்னியர்கள் தொடங்கியது. ஆலையிலும் ரயில் தடத்திலும் கை கால் இழந்தவர்கள் வந்து விழுந்த இடம். பின்னாளில் பெயர் மாறி, 2003இல் மூடப்பட்டு, இடிக்கவும்பட்டுவிட்டது. பார்க்க ஒன்றுமில்லை என்று அக்கா மகள் முன்கூட்டியே சொன்னாள். இருந்தாலும் அந்தத் தெருவில் நடக்க விரும்பினேன்.

1906 ஆகஸ்ட். இந்தத் தெருவிலிருந்த மருத்துவமனையில், ரத்தம் இழந்து சாகக் கிடந்த ஓர் இளைஞருக்கு அவருடைய சகோதரரின் ரத்தத்தைக் கிரைல் நேரடியாக ஏற்றினார். மனிதரின் ரத்தக் குழாயை இன்னொரு மனிதரின் ரத்தக் குழாயோடு இணைத்து வெற்றி கண்டவர்களில் முதல்வராக அவரைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முன்பு ரத்தம் ஏற்ற முயன்றதே இல்லையா என்றால், உண்டு. லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் 1818இலிருந்தே பீச்சாங்குழலால் முயன்றவர். பிரசவத்தில் ரத்தம் போன பெண்களுக்காகத்தான் அவர் அந்த வேலையில் இறங்கினார். ஆனால் ரத்தம் உடலைவிட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் உறைந்துவிடும். குழலும் கிண்ணமும் அடைத்துக்கொள்ளும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலோர் ரத்தத்தைக் கைவிட்டு உப்புநீருக்குப் போய்விட்டார்கள்.

கிரைலின் யோசனை: ரத்தத்தை வெளியே விடவே கூடாது. ரத்தக் குழாயின் உட்புறச் சவ்வைத் தவிர வேறு எதையும் அது தொடக்கூடாது. தொடாவிட்டால் உறையாது. இதற்குக் கொஞ்ச காலம் முன்னால்தான் அலெக்சிஸ் கேரல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரத்தக் குழாய்களை ஊசிநூலால் ஒட்டித் தைக்கும் வித்தையைக் காட்டியிருந்தார். கிரைல் அதைப் பின்பற்றினார். பிறகு தையலைவிட வேகமான ஒரு வழியும் கண்டார். கைப்பிடி வைத்த மிகச் சிறிய உலோக வளையம். நோயாளியின் சிரையை அந்த வளையத்துக்குள் நுழைத்து, நுனியைச் சட்டைக்கையை மடக்குவதுபோல் வெளிப்புறமாக மடித்துக் கட்டவேண்டும். அதன் மேல், கொடுப்பவரின் மணிக்கட்டுத் தமனியை இழுத்து மாட்டிக் கட்டவேண்டும். இப்போது உட்சவ்வோடு உட்சவ்வு தொடுகிறது. உலோகம் வெளியே, ரத்தம் உள்ளே. கவ்வியைத் தளர்த்தினால் சகோதரரின் இதயம் அடிக்கிற அடியில் ரத்தம் இங்கே பாயும்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. மணிக்கட்டுத் தமனியின் பருமன் ஈர்க்குச்சியைவிடச் சற்றே பெரிது, தொட்டால் சுருங்கிக்கொள்ளும். சாகக் கிடப்பவரின் சிரையோ துவண்டு தட்டையாகிக் கிடக்கும். ரத்தம் கொடுத்தவருக்கும் அது அறுவை சிகிச்சைதான். வேலை முடிந்தபின் அந்தத் தமனியை நிரந்தரமாகக் கட்டிவிடுவார்கள். கையின் இன்னொரு தமனி ரத்தம் கொடுக்கும் என்ற நம்பிக்கையில், ஒருவர் தன் உடலின் ஒரு தமனியையே கொடுத்துவிட்டுப் போனார்.

எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளக்க வழி இல்லை. கொடுப்பவர் வெளுத்துத் தலைசுற்றும்போதும், வாங்குபவரின் உதடு சிவக்கும்போதும் நிறுத்தவேண்டும். இன்னொரு ஆபத்து அதைவிடப் பெரிது. வியன்னாவில் லேண்ட்ஸ்டெய்னர் 1901இலேயே ரத்த வகைகளைக் கண்டறிந்து எழுதிவிட்டார். ஆனால் அது அறுவை அரங்கின் வாசலுக்கு வந்துசேரவில்லை. நியூயார்க்கில் ஆட்டன்பர்க் 1907இல் ரத்தம் ஏற்றுவதற்கு முன்பு வகை பொருத்திப் பார்க்கத் தொடங்கினார். அது எல்லா இடத்துக்கும் பரவ மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ரத்த உறவு என்ற ஒன்றை நம்பித்தான் அண்ணன் தம்பிகளைப் படுக்கவைத்தார்கள். உடன்பிறந்தவர்களின் வகை பொருந்தாமல் போகவும் வாய்ப்பு உண்டு என்பது இன்று எங்கள் ரத்த வங்கியில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியனுக்கும் தெரியும்.

1909இல் கிரைல் ரத்த இழப்பும் ரத்தம் ஏற்றுதலும் பற்றி நூல் எழுதினார். ரத்தம் ஏற்றுவது என்ற எண்ணத்தையே அவர் மறுபடியும் உயிர்ப்பித்தார் என்பதுதான் என் கணிப்பு. அவருடைய முறை நீடிக்கவில்லை, நீடித்திருக்கவும் கூடாது. 1914இல் பிரசல்சிலும் புவெனஸ் அயர்சிலும் இருந்த மருத்துவர்களும், 1915இல் நியூயார்க்கில் லூயிசனும் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் ரத்தம் உறையாது என்று காட்டியதும், தமனியை வெட்டும் தேவை போய்விட்டது. ரத்தத்தைப் புட்டியில் பிடிக்கலாம், அளக்கலாம், எடுத்துப் போகலாம். ஆனால் உப்புநீரே போதும் என்று உலகம் அமைதியாக இருந்திருந்தால், லூயிசன் யாருக்காகச் சிட்ரேட்டின் அளவைத் தேடியிருப்பார்?

நடுஇரவில், பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது நினைவுக்கு வருகிறது. கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்தால் மேல் எண் அறுபது. சலைனை, அதாவது உப்புநீரை, திறந்துவிட்டால் எண் ஏறுகிறது, ஐந்து நிமிடத்தில் இறங்குகிறது. 1890களில் கிரைலின் தாளில் பதிவான அதே கோடு. ரத்த வங்கியிலிருந்து பை வந்து, இரண்டாவது பை ஏறும்போது எண் எழுந்து நின்றது. அந்தப் பெண்ணின் கணவர் வாசலில் நின்று, "அம்மா, என் ரத்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கையை நீட்டினார். இன்று பிராட்வேயில் நடக்கும்போது எனக்கு அந்தக் கைதான் தெரிந்தது.

வியாழன்

மழை. ஏரியிலிருந்து வரும் காற்று குடையைத் திருப்பிவிடுகிறது.

நகர மையத்தில் ஈரி ஏரியை ஒட்டிய லேக்சைட் அவென்யூவரை போய்வந்தோம். பழைய லேக்சைட் மருத்துவமனை இங்கேதான் இருந்தது. பின்னர் யுனிவர்சிட்டி சர்க்கிளுக்குப் போய்விட்டது. கிரைலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிற ஒருவர் இங்கேதான் வேலை செய்தார். நான் ஒரு வரியில் கடக்கமாட்டேன்.

அகத்தா ஹாட்ஜின்ஸ். டொரான்டோவில் பிறந்தவர், பாஸ்டனில் நர்ஸ் பயிற்சி முடித்தவர். 1908இல் கிரைல் இவரைத் தன் மயக்க மருந்து நர்ஸாகத் தேர்ந்தெடுத்தார். ஈதர் அதிர்ச்சி நிலையைக் கூட்டுகிறது, நைட்ரஸ் ஆக்சைடு வாயு உடலுக்கு இதமானது என்று கிரைல் நம்பினார். நம்பியவர் அவர். அதைக் கொடுத்துக் காட்டவேண்டியவர் ஹாட்ஜின்ஸ்.

நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்துப் பழகியவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். அது வலுவற்ற வாயு. ஆளை அசையாமல் வைக்கவேண்டும் என்றால் நிறையக் கொடுக்கவேண்டும். நிறையக் கொடுத்தால் ஆக்சிஜனுக்கு இடம் குறைந்துவிடும். உதடு நீலமாகும். என் காலத்தில் விரலில் ஒரு கவ்வியை மாட்டிவிட்டால் ஆக்சிஜன் அளவை இயந்திரம் கூவிச் சொல்கிறது. ஹாட்ஜின்ஸுக்கு இருந்தவை காதுமடலின் நிறமும், மூச்சின் ஓசையும், கண்மணியின் அளவும், தாடைக்கு அடியில் வைத்த விரலும்தான். அந்த மெல்லிய கோட்டின் மேல் மணிக்கணக்காக ஒருவரை நடத்திக் கூட்டிப்போவது எப்படிப்பட்ட திறமை என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

வலுவற்ற அந்த வாயுவோடு மற்றவற்றையும் கிரைல் சேர்த்தார். அறுவைக்கு முன்பே மார்பினும் ஸ்கோபொலமினும் ஊசியாகப் போட்டு மனத்தை ஆற்றுவது. கத்தி படும் இடத்தைச் சுற்றி நோவோகெய்ன் மருந்தைச் செலுத்தி மரக்க வைப்பது. திசுக்களைப் பிய்க்காமல் பூப்போலக் கையாள்வது. நோயாளிக்கு வலி மட்டுமல்ல, பயமும் கேடு என்றார். இதற்கு 'அனோசி அசோசியேஷன்' என்று ஒரு வாயில் நுழையாத பெயர் வைத்து, 1914இல் வில்லியம் லோவருடன் சேர்ந்து நூலும் எழுதினார். பெயர் செத்துவிட்டது. செய்முறை இன்றைக்கும் உலகத்தின் ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டரிலும் நடக்கிறது. ஒரே மருந்தை மலைபோலக் கொடுக்காமல், பல மருந்துகளைச் சிறிது சிறிதாகக் கொடுப்பது. வலி கிளம்புவதற்கு முன்பே அதன் வழியை அடைப்பது.

தைராய்டு நோயாளிகளிடம் இதன் பலன் அதிகம் தெரிந்தது. பெரிய ஏரிகளைச் சுற்றிய மண்ணில் அயோடின் குறைவு. கழுத்துக் கழலை இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. 1917இல் பக்கத்து ஆக்ரன் நகரப் பள்ளிச் சிறுமிகளுக்கு அயோடின் கொடுத்து, கழலையைத் தடுக்கலாம் என்று டேவிட் மரீனும் கிம்பலும் காட்டத் தொடங்கும் வரை, இது கத்தியின் பொறுப்பாகவே இருந்தது. தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயாளிக்கு இதயம் தடதடக்கும், கை நடுங்கும். "நாளைக்கு ஆபரேஷன்" என்ற சொல்லே அவரைக் கொன்றுவிடக்கூடும். கிரைலும் ஹாட்ஜின்ஸும் என்ன செய்தார்கள் என்றால், தினமும் காலையில் சிகிச்சை என்று சொல்லி முகமூடியை வைத்து மூச்சிழுக்கப் பழக்கினார்கள். ஒருநாள் அந்த மூச்சிலேயே மயக்க வாயுவைக் கலந்து, நோயாளி அறியாமலே அறுவையை முடித்துவிட்டார்கள். தைராய்டைத் திருடுவது என்று இதற்குப் பெயர். நோயாளியின் சம்மதம் என்ற கோணத்தில் இன்று இதை ஏற்கமுடியாது, ஏற்கவும் கூடாது. ஆனால் பயத்தை ஒரு நோயாகவே எண்ணி அதற்கு வைத்தியம் பார்த்த மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் தனியாகப் படுத்து மேல்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் எத்தனை பேரை நாம் அப்படியே விட்டுவைக்கிறோம்!

1914 கடைசியில் இவர்கள் பிரான்சுக்குப் போனார்கள். பாரிஸை ஒட்டிய நெய்யியில், ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த அமெரிக்க மருத்துவமனையில் போர்க்காயம் பட்டவர்களுக்கு நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தார் ஹாட்ஜின்ஸ். திரும்பிவந்து 1915இல் லேக்சைடில் மயக்க மருந்துப் பள்ளியைத் தொடங்கினார். மறுவருடமே ஒஹையோ மாநில மருத்துவ வாரியம், நர்ஸ்கள் மயக்க மருந்து கொடுக்கக்கூடாது என்று பயிற்சியை நிறுத்தியது. கிரைல் விடவில்லை. 1917இல் தடை நீங்கியது, 1919இல் சட்டத்திலேயே திருத்தம் வந்தது.

வெள்ளி

காலையில் தெற்கே காரில் இரண்டு மணி நேரம். கிரைல் பிறந்த சில்லி என்ற சிற்றூர், கொஷாக்டன் மாவட்டத்தில். வழியில் ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள், அறுவடை முடிந்த சோளக்காடுகள். 1864இல் ஒரு பண்ணை வீட்டில் பிறந்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மருத்துவம் படித்தவர். மதியத்துக்குள் திரும்பிவிட்டோம்.

மாலையில் கிளீவ்லாந்து கிளினிக். இன்று இது நகருக்குள் ஒரு நகரம். கிரைலின் பெயரில் உள்ள கட்டடத்தை வடிவமைத்தவர் சீசர் பெல்லி. இங்கேயும் தொடக்கம் பிரான்சில்தான். 1917 மே மாதம் கிரைலின் லேக்சைட் குழு ரூவான் நகரில் போய் இறங்கியது. அமெரிக்க ராணுவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் இவர்கள்தான். அங்கே அறுவை மருத்துவரும் பொது மருத்துவரும் ஆய்வாளரும் ஒரே கூரையின் கீழ் ஒரே நோயாளியைப் பார்த்த பழக்கத்தை ஊரிலும் தொடர நினைத்து, கிரைல், லோவர், பன்ட்ஸ், ஜான் பிலிப்ஸ் என்ற நால்வரும் 1921 பிப்ரவரியில் இந்தக் கிளினிக்கைத் திறந்தார்கள்.

1929 மே 15 அன்று அடித்தளத்தில் வைத்திருந்த எக்ஸ்ரே பிலிம்கள் தீப்பிடித்தன. அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரோசெல்லுலோஸ். எரியும்போது நச்சு வாயுவைக் கக்கும். வாயு குழாய்கள் வழியாக மாடிமாடியாக ஏறியது. 123 பேர் இறந்தார்கள், தீயில் வெந்தவர்களைவிட வாயுவில் மூச்சு முட்டியவர்களே அதிகம். நிறுவனர்களில் ஒருவரான பிலிப்ஸும் இறந்தார். அப்போது கிரைலுக்கு அறுபத்துநான்கு வயது. மூடிவிட்டுப் போயிருக்கலாம். மறுபடியும் கட்டினார். இந்த விபத்துக்குப் பிறகுதான் எக்ஸ்ரே பிலிமை எப்படிச் சேமிப்பது என்ற விதிகள் கடுமையாயின, எளிதில் தீப்பிடிக்காத பிலிமுக்கு மருத்துவமனைகள் மாறின.

சனி, இரவு

லேக் வியூ கல்லறைத் தோட்டம். மேப்பிள் மரங்கள் முழுச் சிவப்பு. கிரைல் இங்கேதான் இருக்கிறார், குஷிங்கும் இங்கேதான். குன்றின் மேல் ஜனாதிபதி கார்ஃபீல்டின் நினைவு மண்டபம். 1881 ஜூலையில் சுடப்பட்டு செப்டம்பரில் இறந்தவர். குண்டைத் தேடிக் கழுவாத விரல்களைக் காயத்துக்குள் விட்டுத் துழாவிய மருத்துவர்களின் காலம் அது. கிரைல் மருத்துவம் முடித்தது அதற்கு ஆறே ஆண்டுகள் கழித்து.

கிரைலின் விளக்கங்களில் பல தவறானவை. இதை மறைத்துவிட்டு எழுதுவது நியாயமல்ல. அதிர்ச்சி நிலைக்குக் காரணம் மூளையின் நரம்பு மையம் களைத்துப்போவது என்றார். பிற்பாடு மூளை செல்களின் சக்தி தீர்ந்துபோவது என்றார். ஆல்பிரட் பிளாலக் 1930இல் வெளியிட்ட சோதனைகள், காயம்பட்ட திசுவுக்குள் கசிந்து தொலைந்துபோகும் ரத்தமும் நீரும்தான் முக்கியக் காரணம் என்று காட்டின. வயதான காலத்தில் கிரைல், உயிர் என்பதே மின்சாரம் என்கிற அளவுக்குப் போனார். உயர் ரத்த அழுத்தத்துக்கு அட்ரினல் சுரப்பிக்குப் போகும் நரம்புகளை வெட்டினார். அதையெல்லாம் இன்று யாரும் செய்வதில்லை. ஆனால் காரணம் தவறாக இருந்தபோதே, ரத்தம் ஏற்று, நரம்பை மரக்க வை, அழுத்தத்தை அளந்துகொண்டே இரு என்று அவர் கை செய்தவை சரியாக இருந்தன. அளவுகோல் கையில் இருந்ததால், எது பயன் தருகிறது என்று எண்களே அவருக்குச் சொல்லிவிட்டன. தத்துவத்தை நம்பியிருந்தால் அவர் ஸ்ட்ரிக்னினையே விட்டிருக்கமாட்டார்.

இரவு உணவுக்கு அக்கா மகளின் பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தார். நர்ஸ் அனஸ்தடிஸ்ட், அதாவது மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ். அவர் உறுப்பினராக இருக்கும் தேசியச் சங்கத்தை, 1931 ஜூனில் இதே ஊரில், பல்கலைக்கழக வகுப்பறை ஒன்றில் கூடித் தொடங்கியவர் ஹாட்ஜின்ஸ்தான். அமெரிக்கக் கிராமப்புற மருத்துவமனைகள் பலவற்றில் மயக்க மருந்து கொடுக்க இவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை என்றார். "உங்கள் ஊரில் இரவில் சிசேரியன் வந்தால், மயக்க மருத்துவர் இல்லாத இடத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். எம்பிபிஎஸ் முடித்த மருத்துவர்களுக்குச் சில மாதம் அவசர மயக்கப் பயிற்சி கொடுக்கும் திட்டம் இருப்பதைச் சொன்னேன். பல இடங்களில் அந்தத் தாயை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"அப்படியானால் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கலாமே?" என்றார். பல வருடம் தியேட்டரில் நின்று பழகிய எங்கள் சிஸ்டர்களில் சிலரை எண்ணிப் பார்த்தேன். அவர்களால் முடியும். ஆனால் படிப்பும் மேற்பார்வையும் சட்டப் பாதுகாப்பும் இல்லாமல் அவர்கள் தலையில் இதை வைத்தால், ஏதாவது ஆகும்போது தண்டனை அனுபவிப்பவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள். ஆகவே முதலில் மயக்க மருத்துவர் இடங்களை நிரப்பச் சொல்வேன் என்றேன். அவர் ஒப்பவில்லை. ஹாட்ஜின்ஸுக்கும் 1916இல் இதே பதிலைத்தான் சொன்னார்கள் என்றார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, என் கருத்தும் மாறவில்லை. பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்தோம்.